சமூகப் பணியாளர்களும் உள்ளூர்த் துணைச் சேவைகளும்: சென்னையின் மேற்குப் புறநகர்

சமூகப் பணியில் இணைப்புப் பணி என்பது, உதவி தேவைப்படும் ஒருவரை அவர் வாழும் பகுதியிலேயே கிடைக்கும் மருத்துவம், உதவித்தொகை, உணவு, குடியிருப்பு, சட்ட உதவி முதலிய சேவைகளோடு சேர்த்துவைத்து, அந்தத் தொடர்பு நிலைபெறும் வரை உடனிருப்பதாகும். ஒரு முகவரியை எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினால் அது வெறும் பரிந்துரை. போனவர் சேர்ந்தாரா, அங்கே என்ன சொன்னார்கள் என்று பின்தொடரும்போதுதான் அது இணைப்பாகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்கள் அடங்கிய மேற்குப் புறநகரில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

எல்லைச் சிக்கல்

அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியுடன் சேர்க்கப்பட்டது. ஆனால் அம்பத்தூர் வட்டம் 2018இல்தான் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது, மாவட்டம் திருவள்ளூரே. பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்து நகராட்சி. 2022இன் தொடக்கத்தில் ஆவடி காவல் ஆணையரகம் செயல்படத் தொடங்கியபோது அம்பத்தூரும் பூந்தமல்லியும் அதற்குள் வந்தன.

இதன்படி அம்பத்தூரில் வசிப்பவருக்கு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் சென்னை மாநகராட்சியுடையது, வட்டாட்சியர் சென்னை மாவட்டத்தவர், காவல் நிலையமோ ஆவடி ஆணையரகத்தின் கீழ் இருப்பது. அடுத்த ஊரான திருமுல்லைவாயல் ஆவடி மாநகராட்சியில் இருப்பதால், அங்குள்ளவர் மாவட்ட அலுவலகத்துக்குத் திருவள்ளூர் போக வேண்டும். ஆவடிக்காரர் மின்சார ரயிலில் நேராகப் போய்விடலாம். பூந்தமல்லியில் புறநகர் ரயில் நிலையம் இல்லை; பேருந்துதான். மாற்றுத்திறனாளி ஒருவரைத் தவறான மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பினால் அவருக்கு ஒரு நாள் கூலி போகிறது, துணைக்கு வந்தவருக்கும் போகிறது. இரண்டாம் முறை அவர் வராமலே போகலாம். ஆகவே இப்பகுதிப் பணியாளர் முதலில் கேட்க வேண்டியது நோயையோ வறுமையையோ அல்ல, குடும்ப அட்டையில் உள்ள முகவரியை.

எல்லையைக் கடந்து உதவும் நிறுவனங்களும் உண்டு. பூந்தமல்லியில் பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. அம்பத்தூரில் உள்ள குழந்தைக்கு மாவட்டம் வேறு என்றாலும் அது எட்டும் தொலைவில்தான் உள்ளது.

பேனியன் அமைப்பின் அனுபவம்

இப்பகுதியில் இணைப்புப் பணிக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு 'பேனியன்' அமைப்பு. வீடற்றுத் தெருவில் திரியும் மனநோயுற்ற பெண்களுக்காக வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் ஆகிய இருவரும் 1993இல் இதைத் தொடங்கினர். இதன் 'அடைக்கலம்' இல்லம், மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தைச் சேர்ந்த முகப்பேரில் உள்ளது. தெருவிலிருந்து அழைத்து வந்து, சிகிச்சை அளித்து, குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடித்து அனுப்புவது தொடக்ககால வழிமுறை. குடும்பம் இல்லாதவர்களும், திரும்பிப் போக முடியாதவர்களும் இல்லத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. இதற்கு விடையாக 2015 வாக்கில் 'ஹோம் அகெய்ன்' திட்டம் உருவானது. நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருப்பார்கள். உதவியாளர் ஒருவர் துணையிருப்பார்.

வீடு கிடைத்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை, அங்குதான் தொடங்குகிறது. மாத்திரை மாதந்தோறும் எங்கே வாங்குவது? ஆதார் எந்த முகவரியில்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. குறைபாடு 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருப்பதாக மருத்துவச் சான்று பெற்றால்தான் பெரும்பாலான சலுகைகளுக்கு வழி திறக்கும். சான்று, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, விண்ணப்பம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். இவற்றோடு வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டாரும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிப் பழகுவது எந்த விண்ணப்பத்திலும் இடம்பெறாத வேலை. வீடு நிலைப்பதும் காலி செய்யப்படுவதும் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது.

யாரோடு தொடர்பு

அலுவலகங்களின் பட்டியலைவிட ஆட்களின் அறிமுகமே பயன்படுகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மகளிர் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் தருகிறார்கள். அங்கன்வாடிப் பணியாளருக்குத் தெருவில் உள்ள கைக்குழந்தைகள் எல்லாம் தெரியும். மகளிர் சுயஉதவிக் குழுவின் தலைவிக்கு எந்த வீட்டில் கடன் தொல்லை என்பது தெரியும். நியாயவிலைக் கடைப் பணியாளரை யாரும் சமூக சேவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் வழக்கமாக வரும் கிழவி இந்த மாதம் அரிசி வாங்க வரவில்லை என்பதை முதலில் கவனிப்பவர் அவராகவே இருக்கக்கூடும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மொழி முதல் தடை. அவர்களிடையே ஏற்கெனவே தமிழ் பேசத் தெரிந்த ஒருவரைக் கண்டுபிடிப்பது பாதி வேலை.

தொலைபேசி எண்களும் உண்டு: மனநலத்துக்கு 14416, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, முதியோருக்கு 14567. அழைப்பவருக்கு வழிகாட்டல் கிடைக்கும். அவரோடு வரிசையில் நிற்க ஆள் வேண்டும் என்றால் அது உள்ளூரிலிருந்தே வர வேண்டும்.

இரகசியம் காத்தல்

இணைப்பு விரிய விரிய ஒருவரது செய்தி பலர் காதுக்குப் போகிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சமூகத்தில் வாழும் உரிமையைப் பிரிவு 19இலும், நோய் விவரம் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையைப் பிரிவு 23இலும் தருகிறது. நடைமுறையில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று உரசும். தன்னார்வலரிடம் "இவருக்கு மாதந்தோறும் மருந்து தேவை, வராவிட்டால் சொல்லுங்கள்" என்பது போதும். நோயின் பெயர் வேண்டியதில்லை. எதை யாரிடம் சொல்லலாம் என்று சம்பந்தப்பட்டவரிடமே முதலில் கேட்டுக்கொள்வது முறை.

அதே சட்டத்தின் பிரிவு 100, திரியும் நிலையில் காணப்படும் மனநோயாளரைக் காவல்துறை பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் பொது மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. அவர் வீடற்றவரானால் காணாமற்போனவர் என முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் காவல் நிலையத்தின் கடமை. இதைப் பணியிலிருக்கும் காவலரிடம் எடுத்துச் சொல்ல, முன்பே அறிமுகமான பணியாளர் ஒருவர் இருந்தால் இரவு பதினொரு மணிக்கும் வேலை நடக்கும்.

மாணவர்களின் களப்பணி

1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் தொடங்கிய சென்னை சமூகப் பணிப் பள்ளி முதலாக, நகரில் சமூகப்பணி கற்பிக்கும் கல்லூரிகளில் களப்பணி படிப்பின் ஒரு பகுதி. மாணவர்கள் சில மாதங்களில் தெருவோடு நன்றாகப் பழகிவிடுவார்கள். பருவம் முடிந்ததும் தொடர்பும் அவர்களோடு போய்விடும். எந்த அலுவலகத்தில் யாரைப் பார்த்தோம், எந்த விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்று எழுதி, அடுத்து வருபவரை அழைத்துப்போய் நேரில் அறிமுகம் செய்துவைத்தால், அந்தக் குடும்பங்கள் தங்கள் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிராது.