பதவியைத் துறந்த படைத்தலைவர்

கீழ்ப்படிதல் படைவீரனின் முதற்கடமை. ஆனால் இட்ட கட்டளையே பாவத்தைச் செய்யப் பணிக்குமானால் அவன் யாது செய்வான்? இவ்வினாவுக்குத் தம் பதவியையே விலையாகக் கொடுத்து விடையளித்த ஒரு கத்தோலிக்கத் தளபதியைப் பற்றி ஈண்டு எழுதுகிறோம்.

ழாக் பாரி தெ பொல்லார்தியேர் 1907ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் சாத்தோப்ரியான் நகரில் பிறந்தார். புகழ்பெற்ற சேன்-சீர் இராணுவக் கல்லூரியில் பயின்றார். 1940இல் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது, சரணடைய மனமின்றி இங்கிலாந்து சென்று, தெ கோலின் விடுதலைப் படையில் சேர்ந்தார். வட ஆப்பிரிக்கப் போர்முனையில் கண்ணிவெடியால் கடுங்காயமுற்றார். காயம் ஆறியபின், 1944 ஏப்ரலில், பகைவர் வசமிருந்த ஆர்தென் காட்டில் இரவில் பாராசூட் மூலம் இறங்கி, தலைமறைவு வீரர்களுக்குத் தலைமை தாங்கினார். ஜூன் மாதத்தில் அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் ஜெர்மானியரிடம் சிக்கி, வதைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அதை அவர் மறக்கவேயில்லை. 1945இல் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையினரோடு ஒல்லாந்தில் இறங்கினார். பின்னர் இந்தோசீனாவிலும் பாராசூட் படைகளை நடத்தினார்.

1956இல் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் ஜெனரல் பதவி பெற்றார். அங்கே விடுதலை கோரிப் போர் நடந்துகொண்டிருந்தது. தம் ஆளுகைக்குட்பட்ட மலைப்பகுதியில் கைதிகளை வதைத்தலை அவர் விலக்கினார். ஊர்மக்களுக்கு வேலை கொடுக்கப் பொதுப்பணிகளைத் தொடங்கினார்.

1957 ஜனவரியில் அல்ஜியர்ஸ் நகரின் காவல் அதிகாரம் முழுவதும் ஜெனரல் மஸ்ஸுவிடம் ஒப்படைக்கப்பட்டது. மின்சாரத்தாலும் நீராலும் வதைத்து உண்மையைக் கறப்பது வழக்கமாயிற்று. சிற்றுண்டிச்சாலைகளில் வெடித்த குண்டுகள் குற்றமற்றோரின் உயிரைக் குடித்தன என்பதும் மெய்யே. ஒருவனை வதைத்தால் பலரைக் காக்கலாமே என்ற வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. மஸ்ஸுவின் படைப்பிரிவில் ஆன்ம குருவாயிருந்த ஒருவரே அதற்கு நியாயம் கற்பித்து எழுதினார். இதை மறைப்பது நமக்கு அழகன்று.

மஸ்ஸுவும் கத்தோலிக்கரே, தெ கோலின் படையில் பணியாற்றியவரே. இனித் தம் பகுதியிலும் காவல் வேட்டைக்கே முதலிடம் தரவேண்டுமென்ற நிலை வந்தபோது, பொல்லார்தியேர் மார்ச் 7ஆம் நாள் அவரை நேரில் கண்டு மறுத்துரைத்தார். தம்மைப் பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு மேலிடத்தைக் கேட்டுக்கொண்டார். நாத்சிகள் தம் தோழருக்குச் செய்ததைப் பிரெஞ்சுக்காரர் பிறருக்குச் செய்வதை அவர் மனச்சான்று ஏற்கவில்லை. வத்திக்கான் சங்கம் வதையை இழிசெயலெனக் கண்டித்தது 1965இல்தான். அதற்கு எட்டாண்டுகளுக்கு முன் நடந்தது இது.

அம்மாத இறுதியில், அவரிடம் பணியாற்றிய செர்வான்-ஷ்ரைபரின் 'லெக்ஸ்பிரஸ்' இதழில் அவருடைய கடிதம் வெளியாயிற்று. உடனடிப் பயன் என்னும் பொய்ச்சாக்கில் நாட்டின் அறநெறியை இழக்கலாகாது என்பதே அதன் சாரம். கிடைத்த பரிசு, அறுபது நாள் கோட்டைச் சிறை. அதன்பின் மத்திய ஆப்பிரிக்காவுக்கும், பிறகு ஜெர்மனிக்கும் அனுப்பப்பட்டார். 1961 ஏப்ரலில் அல்ஜியர்ஸில் சில தளபதிகள் அரசுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தபோது, மனங்கசந்து படையைவிட்டே விலகினார். அப்போது வயது ஐம்பத்துமூன்று.

பின்னர் தொழிலாளர் பயிற்சிப் பணியில் ஈடுபட்டார். 1970இல் ழான்-மரி முல்லர் என்பவரின் உரையைக் கேட்டது முதல் அகிம்சை நெறியில் நின்றார். 1973 ஜூலையில், முருரோவா தீவருகே அணுகுண்டுச் சோதனையை எதிர்த்துச் சென்ற சிறு கப்பலில் அவரும் ஒரு குருவானவரும் இருந்தனர். பிரெஞ்சுக் கடற்படையே அக்கப்பலைப் பிடித்தது. எத்தனையோ களங்களில் அக்கொடிக்காகப் போரிட்டவர் அதே கொடியின் கைதியானார்!

1986 பெப்ரவரியில் அவர் இறந்தார். 2000 ஜூனில், முதுமையெய்திய மஸ்ஸு, அல்ஜியர்ஸில் வதை தவிர்க்கக்கூடியதாகவே இருந்தது என்று கூறி வருத்தம் தெரிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில், அரசு அக்குற்றத்தை ஒப்புக்கொண்டு கண்டிக்கவேண்டுமெனப் பன்னிருவர் விடுத்த வேண்டுகோளில், பொல்லார்தியேரின் மனைவி சிமோன் அம்மையாரும் கையொப்பமிட்டார்.