ஓநாயை மடக்க இத்தனை வழிகளா?!

மைல் கணக்கில் சளைக்காமல் ஓடும். ஆள் வாடையைத் தூரத்திலேயே பிடித்துவிடும். கூட்டமாகத் திட்டம் போட்டு இரை தேடும். அப்படிப்பட்ட ஓநாயைப் பிடிக்க மனிதர்கள் என்னவெல்லாம் செய்தார்கள் தெரியுமா?

● நாய்க்கு ஏற்றுமதித் தடை! அயர்லாந்தின் ராட்சத வுல்ஃப்ஹவுண்ட் நாய்களுக்கு வெளிநாடுகளில் ஏகக் கிராக்கி. நாய்களெல்லாம் கப்பலேறிப் போய்விட்டால் ஓநாய்களை யார் அடக்குவது? 1652-ல் அவற்றின் ஏற்றுமதிக்கே தடை போட்டது ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் ஆட்சி!

● கொல்லாதே, பிடி! ரஷ்யப் பிரபுக்களின் போர்சாய் நாய்கள் ஓநாயைத் துரத்திக் கழுத்தைக் கவ்வி அமுக்கும். வேட்டைக்காரர் குதிரையிலிருந்து குதித்து, உயிரோடு அதன் வாயைக் கட்டியதும் உண்டு! டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலில் இப்படியொரு வேட்டை வருகிறது.

● கழுகும் களத்தில்! கசாக் வேட்டைக்காரர்கள் பொன்னிறக் கழுகைப் பழக்குகிறார்கள். அதுவும் பெண் கழுகை. அதுதான் உருவத்தில் பெரியது. வழக்கமான இரை நரிதான். ஆனால், சுமார் ஆறு கிலோ எடையுள்ள அந்தப் பறவை, தன்னைவிடப் பல மடங்கு கனமான ஓநாய்மீதும் பாய்ந்திருக்கிறது!

● துணிக்குப் பயம்! கிழக்கு ஐரோப்பாவில் காட்டைச் சுற்றிக் கயிறு கட்டி, சிவப்புத் துணிகளைத் தொங்கவிடுவார்கள். ஒரே தாவலில் தாண்டிவிடலாம். ஆனால், புதிதாக எதைக் கண்டாலும் சந்தேகப்படும் ஓநாய் தாண்டாது! திறந்திருக்கும் வழியைத் தேடி ஓடினால், அங்கே துப்பாக்கிகள்! இன்று அமெரிக்கப் பண்ணைகளில் இதே கயிறு மாடு கன்றுகளுக்குக் காவல். ஆனால், ஓரிரு மாதங்களில் ஓநாய்க்குப் பயம் தெளிந்துவிடும்!

● பொறிக்குப் பக்கத்தில் ஸ்தூபி! லடாக் மேய்ப்பர்கள் கல்லடுக்கிப் பெரிய குழிப்பொறி கட்டுவார்கள். பெயர் ஷாண்டோங். உள்ளே உயிருள்ள ஆடு. ஆசையில் குதிக்கும் ஓநாயால், உட்புறமாகச் சாய்ந்த சுவரில் ஏறி வெளியேற முடியாது, கல்லடிதான்! ஆனால், 2018-ல் சுஷுல் கிராம மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பொறிகளின் சுவரில் சில கற்களைப் பெயர்த்து வழிவிட்டார்கள். பக்கத்திலேயே பௌத்த ஸ்தூபி எழுப்பினார்கள்! அப்படியானால் ஆடுகளுக்கு என்ன வழி? மேலே கம்பிவலை போட்ட உறுதியான பட்டி இருந்தால் ஆடும் பிழைக்கும், ஓநாயும் பிழைக்கும். ஆடுகளைப் பறிகொடுத்தவர்களே ஓநாய்க்கு உயிர்ப்பிச்சை தந்திருக்கிறார்கள் என்றால், மற்ற ஊர்களாலும் முடியும்தானே!