கட்டி பரவுமா? மரபணுக்களைக் கேட்போம்!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது என் அத்தை ஒரு கேள்வி கேட்டார். மார்பில் வந்த புற்றுக்கட்டியை அறுவை செய்து எடுத்து அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. "நீதான் காலேஜுல உசுரப் பத்திப் படிக்கிறியே தம்பி, எடுத்தது மறுபடி வேற எடத்துல வருமா?" எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விலங்கியல் படிப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் நம்பிக்கை. எனக்கோ ஒன்றும் தெரியவில்லை. கல்லூரி திறந்தபின் நூலகத்திலும் ஆசிரியப் பெருமக்களிடமும் கேட்டறிந்ததையே இங்கு எழுதுகிறேன்.

மார்பகத்தின் பால் நாளங்களில் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, மெல்லிய அடிச்சவ்வு ஒன்றின் எல்லைக்குள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றை ஒட்டி வைக்கும் பசைகளுள் முக்கியமானது ஈ-கேடரின் என்னும் புரதம். கட்டியின் செல்கள் இத்தகைய பிடிப்பைத் தளர்த்திக்கொண்டு, நொதிகளால் அடிச்சவ்வைக் கரைத்து, பக்கத்துத் திசுவிற்குள் நுழைந்தால் அதுவே ஊடுருவல். அங்கிருந்து நிணநீர் வழியாகவும் இரத்தத்தின் வழியாகவும் எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை என்று சென்று குடியேறலாம். உயிருக்குப் பெரும் ஆபத்து இக்குடியேற்றத்தினால்தான். ஆனால் நுண்ணோக்கியில் ஒன்றுபோல் தோன்றும் இரண்டு கட்டிகளுள் ஒன்று பரவும், மற்றது பரவாது. எது எதுவென்று முன்கூட்டித் தெரியாததால், பரவாத கட்டி உள்ளவர்களுக்கும் கீமோதெரபி மருந்து ஏற்ற நேர்கிறது. முடி கொட்டி, சோறு இறங்காமல் படுத்திருப்பவரை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

இதற்கு ஓர் அடையாளம் கிடைக்காதா என்று ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் ஆய்வு நிலையத்தார் தேடினர். நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிராத 78 பெண்களின் மார்பகக் கட்டிகளை எடுத்து, ஏறத்தாழ 25,000 மரபணுக்களில் எவை மிகுதியாக இயங்குகின்றன, எவை குறைவாக இயங்குகின்றன என்று அளந்தனர். இவர்களுள் 34 பேருக்கு ஐந்தாண்டுகளுக்குள் நோய் வேறிடம் பரவியிருந்தது. இரு பிரிவினரையும் வேறுபடுத்திக் காட்டும் 70 மரபணுக்களை 2002-இல் அறிவித்தார்கள். உலகமே மகிழ்ந்தது. 2005-இல் அதே நாட்டின் ராட்டர்டாம் நகரத்து ஆய்வாளர்கள், வேறு 286 பேரின் கட்டிகளை ஆராய்ந்து 76 மரபணுக்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். இரு பட்டியல்களுக்கும் பொதுவானவை எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று!

ஒரே நோய்க்கு இப்படி இரு வேறு சாட்சிகள் எப்படி வந்தன? எங்கள் ஊர் வாய்க்காலை வைத்தே இதை நான் புரிந்துகொண்டேன். தலைமடையில் பலகை ஒரு சாண் இறங்கினால் அங்கே நீர்மட்டத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. கடைமடையில் நூறு வயல் காயும். வெளியூரிலிருந்து வரும் ஒருவர் காய்ந்த வயல்களில் எழுபதைக் குறித்துக்கொண்டு போவார். இன்னொருவர் வேறு எழுபத்தாறைக் குறிப்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மடையை இருவருமே பார்க்கவில்லை. அதைக் காண வாய்க்கால் வரைபடம் வேண்டும்.

செல்லுக்குள்ளும் இத்தகைய மடைகள் உண்டு. நம் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிறோமே பழ ஈ, அதன் கருவில் முதலில் அறியப்பட்ட ஸ்நெயில் என்னும் மரபணு ஒரு நல்ல சான்று. மனிதச் செல்லில் இதன் புரதம் ஈ-கேடரின் மரபணுவின் மேல் அமர்ந்து அதனை அடக்கிவிடும் என்று 2000-இல் கண்டறியப்பட்டது. ஈயின் கருவில் செல்கள் இடம்பெயர உதவும் அதே கருவி, புற்றுநோயில் கட்டி நகரவும் உதவுகிறது! இயற்கையின் சிக்கனத்தை என்னென்பது!

மரபணு உறவுப் பகுப்பாய்வு என்பது இந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடும் முறையாகும். அமெரிக்காவில் சான் டியேகோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ட்ரே ஐடெக்கர் குழுவினர் 2007-இல் இதனைச் செய்து காட்டினர். 11,203 புரதங்களுக்கு இடையிலான 57,235 தொடர்புகள் அவர்களது வரைபடத்தில் இருந்தன. ஒரு புரதத்தில் தொடங்கி, அதனுடன் தொடர்புடைய அண்டைப் புரதங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தனர். அக்குழுவிலுள்ள மரபணுக்களின் இயக்கத்தைச் சராசரி எடுத்து, பரவிய கட்டியையும் பரவாத கட்டியையும் அது பிரித்துக் காட்டுகிறதா என்று பார்த்தனர். சேர்க்கச் சேர்க்கத் தெளிவு கூடும் வரை சேர்த்தனர், கூடாதபோது நிறுத்தினர். பிறகு நோயாளிகளின் முடிவுகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் மாற்றி வைத்து, தற்செயலாகவே இவ்வளவு தெளிவு வரக்கூடுமா என்றும் சோதித்தனர். இந்தக் கடைசிப் படியை நான் மிகவும் மதிக்கிறேன். தம்மைத் தாமே சந்தேகிப்பது எளிதன்று.

இவ்வாறு இரு தொகுப்புகளிலும் கிடைத்த குழுக்கள் பழைய பட்டியல்களைவிடக் கூடுதலாக ஒத்துப்போயின. பி53, ஹெர்-2 போன்ற பெயர்பெற்ற புற்றுநோய் மரபணுக்கள் தனியாக அளக்கும்போது வேறுபாடு காட்டாமல் நழுவிவிடுபவை. அவை இக்குழுக்களின் நடுவில், மாறுபட்ட பல மரபணுக்களை இணைத்துக்கொண்டு அமர்ந்திருந்தன.

இத்துடன் நிறுத்தினால் கட்டுரை இனிதே முடிந்துவிடும். ஆனால் 2011-இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் ஒரு குறும்பு செய்தனர். உணவுக்குப்பின் சிரிப்பதால் மாறும் மரபணுக்களின் பட்டியலை எடுத்து மார்பகப் புற்றுநோயாளிகளின் விவரங்களோடு பொருத்தினர். அதுவும் நோயின் போக்கோடு பொருந்திற்று! கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய மரபணுப் பட்டியல்களும் பெரும்பாலும் பொருந்தின. வேகமாகப் பிரியும் செல்களில் எண்ணற்ற மரபணுக்கள் சேர்ந்து மாறுவதால், எதைத் தொட்டாலும் அந்த வேகமே வெளிப்படுகிறது. 2012-இல் வந்த மற்றோர் ஒப்பாய்வில், வலைப்பின்னல் முறை தனி மரபணு முறையைவிட நன்றாகக் கணிக்கிறது என்பதும் உறுதிப்படவில்லை. எனவே வரைபடத்தின் பயன் இப்போதைக்குக் காரணத்தைத் தேடுவதில்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. கணிப்பதற்கு, காய்ந்த வயல்களைப் பார்ப்பதும் ஓரளவு உதவுகிறது. அந்த 70 மரபணுச் சோதனையை 6,693 பெண்களிடம் நடத்திப் பார்த்த ஐரோப்பிய ஆய்வின் முடிவு 2016-இல் வெளிவந்தது. மற்ற அறிகுறிகள் ஆபத்தைக் காட்டியும் மரபணுக்கள் ஆபத்தில்லை என்று கூறிய பெண்களுள், கீமோதெரபி பெறாதவர்களில் 94.7 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகள் நோய் தொலைவில் பரவாமல் வாழ்ந்தனர்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அத்தைக்கு மருந்து ஏற்றுவது முடிந்திருந்தது. திண்ணையில் கரித்துண்டால் வாய்க்கால் படம் போட்டு இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப என் கட்டியில மடை எது தம்பி?" என்றார்.

"அதை யாரும் பாக்கல அத்தை" என்றேன். அடுத்த மாதச் சோதனைக்கு அவரோடு நானும் போகிறேன். டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன்.