எண்ணெய் கொட்டிய வயலுக்கு முதல் நாளே என்ன செய்யணும்?

நம்ம டெல்டாவில் நெல் வயலுக்கு அடியில் எண்ணெய்க் குழாய் போகிற ஊர்கள் பல. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது. போராட்டம், தடியடி, கைது எல்லாம் பேப்பரில் வந்தது. ஆனால் எண்ணெய் கொட்டிய மண்ணுக்கு என்ன ஆகும், அதன் சொந்தக்காரர் முதல் நாளில் என்ன செய்யணும் என்ற பேச்சு நம்ம கூட்டங்களில் குறைவு.

‘அதான் 2020லேயே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்துடுச்சே’ என்று சிலர் கேட்கிறார்கள். ஐயா நம்மாழ்வார் தன் கடைசி நாட்களைக்கூட மீத்தேன் எதிர்ப்புப் பயணத்தில் பட்டுக்கோட்டைப் பக்கம்தான் கழித்தார். அந்த மாதிரி உழைப்பால் வந்த சட்டம் அது, பெரிய விஷயம்தான். ஆனால் அது புதுக் கிணறுகளைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கிற கிணறும் குழாயும் அப்படியே இருக்கு. இரும்புக் குழாய்க்கு வயசு ஏற ஏற என்ன ஆகும் என்று பம்புசெட் வைத்திருக்கிற யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

முதலில் ஒன்று புரியணும். பூமிக்குள்ளிருந்து எண்ணெய் மட்டும் தனியாக வருவதில்லை. கூடவே உப்புத் தண்ணீரும் வரும், சில இடங்களில் கடல்நீரை மிஞ்சுகிற உப்பு. கறுப்பாக இருக்கிற எண்ணெயைப் பார்த்துத்தான் நாம் பதறுவோம். கண்ணுக்குத் தெரியாத இந்த உப்புதான் நெல்லுக்கு நீண்ட நாள் எதிரி. எண்ணெயை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், உப்பை எதுவும் தின்னாது.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் அச்சுவார் என்ற பழங்குடி மக்கள் இதை அனுபவத்தில் கற்றார்கள். அவர்களுடைய கொரியெந்தெஸ் ஆற்றில் 1970களிலிருந்து இந்த உப்பு நீரைக் கொட்டினார்கள். அரசு சுகாதாரத் துறை எடுத்த ரத்தப் பரிசோதனையில் பலருக்கு காட்மியம் அளவுக்கு மேல் இருந்தது. அந்த அறிக்கை கையில் இருந்ததால், 2006 அக்டோபரில் எண்ணெய் நிலையங்களை மறித்தபோது அவர்கள் ‘கம்பெனியே போ’ என்று பொதுவாகக் கேட்கவில்லை. ‘அந்தத் தண்ணீரை ஆற்றில் விடாதே, வந்த ஆழத்துக்கே திருப்பி இறக்கு’ என்று குறிப்பாகக் கேட்டு, ஒப்பந்தமும் வாங்கினார்கள். அப்புறம் தங்கள் இளைஞர்களுக்கே கேமராவும் ஜி.பி.எஸ்.ஸும் கொடுத்துக் கசிவுகளைப் பதிவு செய்யப் பழக்கினார்கள்.

நானும் வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் பார்த்தவன். ஃபைலில் இல்லாதது நடக்கவே இல்லை, அவ்வளவுதான்.

சரி, நம்ம வயலில் கசிந்தால்? பீடி, தீக்குச்சி, மோட்டார் சுவிட்ச் எதையும் தொடாமல் ஆளையும் மாட்டையும் காற்று வரும் திசைக்கு அப்புறப்படுத்தணும். போலீஸ், தீயணைப்பு, குழாய்க்காரர் எல்லோருக்கும் தகவல் போகணும். பாதுகாப்பு என்று தெரிந்த பிறகு மடையையும் வடிகாலையும் மண் போட்டு அடையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவவே கூடாது, அது அடுத்தவர் வயலுக்கும் போய்ச் சேரும். உழுது புதைக்கவும் கூடாது. வைக்கோலைப் பரப்பினால் எண்ணெயை உறிஞ்சும். அந்த வைக்கோல் மாட்டுக்கும் ஆகாது, கம்போஸ்டுக்கும் ஆகாது.

அடுத்தது மாதிரி எடுப்பது. வழக்கமாக உரத்துக்கு மண் எடுக்கிற மாதிரி பாலிதீன் பையில் எடுத்தால் செல்லாது. கண்ணாடி பாட்டில் வேணும், மூடிக்குள் அலுமினியத் தாள் வைத்து, ஐஸ் பெட்டியில் போகணும். (ஊறுகாய் பாட்டில் வேண்டாம், அந்த நல்லெண்ணெயும் கணக்கில் வந்துடும்!) மேல் 15 சென்டிமீட்டர், அதற்குக் கீழே 30 வரை, பிறகு 60 வரை என்று தனித்தனியாக எடுங்கள். எண்ணெய் படாத பக்கத்து வயலிலும் அதே ஆழங்களில் எடுப்பது கட்டாயம். அது இல்லாவிட்டால் ‘உங்க மண்ணே அப்படித்தான்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். போர் தண்ணீரும் ஒரு பாட்டில். தேதி, நேரம், சர்வே எண், யார் எடுத்தது, யார் கையில் கொடுத்தது எல்லாம் எழுதி இரண்டு சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். நாமே எடுத்த மாதிரியைச் சந்தேகப்படுவார்கள். அதனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கும் அன்றே எழுத்தில் மனு கொடுத்து, அவர்களும் வந்து எடுக்கும்படி கேட்கணும்.

மண் பரிசோதனை நிலையத்தில் வழக்கமாகப் பார்ப்பது தழை, மணி, சாம்பல், கார அமில நிலை, ஈ.சி. இங்கே அது போதாது. மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், பென்சீன் வகைகள், சோடியம், குளோரைடு, பேரியம், காட்மியம், ஈயம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பேரியம் ஏன் என்றால், துளையிடும் சேற்றில் பேரைட் கலப்பார்கள். ஈ.சி. 3 டெசிசைமன் தாண்டினால் நெல் மகசூல் சரிய ஆரம்பிக்கும் என்பது செறிவு மண் சாற்றில் அளந்த கணக்கு. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து அளந்தால் எண் குறைவாகக் காட்டும். எந்த முறை என்று அறிக்கையில் எழுதி வாங்குங்கள்.

மீட்பது எப்படி? எண்ணெய் முழுக்கக் கரிமம். அதைத் தின்கிற நுண்ணுயிர் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். தொழுவுரம், கடலைப் பிண்ணாக்கு, ஈரம், காற்று இந்த நாலும் கிடைத்தால் வேலை வேகமாக நடக்கும். டெரி நிறுவனம் ‘ஆயில்சாப்பர்’ என்று ஒரு பாக்டீரியாக் கலவையே வைத்திருக்கிறது, ஓ.என்.ஜி.சி.யே அதைப் பயன்படுத்துகிறது. பஞ்சகவ்யம் தெளித்தால் பத்து நாளில் சரியாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. இதில் முக்கியமானது காற்று. சேறடித்துத் தண்ணீர் நிற்கிற வயலில் காற்று ஏது? ஆகவே வயலைக் காயப்போட்டு, அடிக்கடி கிளறி, போகம் கணக்கில் காத்திருக்கணும். உப்புக்கு வைத்தியம் வேறு: சோடியம் ஏறியிருந்தால் ஜிப்சம், பிறகு நல்ல தண்ணீர், அது வெளியேற வடிகால். கடைமடைக்காரருக்கு அந்த நல்ல தண்ணீர் மேட்டூர் திறந்த பிறகுதான்.

ஆகவே நஷ்டஈடு கேட்கும்போது நின்ற பயிரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். விடப்போகிற குறுவை, சம்பா, தாளடி, சுத்தப்படுத்தும் செலவு, இயற்கைச் சான்று போனால் அந்த விலை வித்தியாசம் எல்லாம் சேரணும். முந்தைய வருஷ அடங்கல், நெல் விற்ற ரசீதுதான் ஆதாரம்.

1962ஆம் ஆண்டு குழாய்ச் சட்டப்படி குழாய் பதித்திருந்தால் நிலம் உங்களுடையதுதான், அவர்களுக்கு இருப்பது பயன்பாட்டு உரிமை மட்டும். அந்தப் பட்டையில் மரம் நடவோ கிணறு வெட்டவோ முடியாது. அதே சட்டத்தில் சேதத்துக்கு ஈடு உண்டு. தொகை போதாவிட்டால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. விபத்து என்றால் யார் தவறு என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. ஈடு கேட்க ஐந்து வருஷம் அவகாசம், அது பாதிப்பு முதலில் ஏற்பட்ட தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கும்.