அவசரப் பிரிவு வைத்தியரும் விடுதி வைத்தியரும்

ரூ லூயி-பிளாங்கில் மரக்கறி வாங்க வரும் எம்மவர்கள், கையில் பையோடு நின்றபடியே எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "டொக்டர், அப்பாவை ஊர்ஜோன்ஸுக்குக் கொண்டுபோனம். மறிக்கவேணும் எண்டு பின்னேரமே சொல்லிப்போட்டினம். விடியுமட்டும் தள்ளுகட்டிலிலதான் கிடந்தார். எங்களைக் கண்டுதான் கட்டில் தரேல்லையோ?"

பெரும்பாலும் இல்லை என்றே சொல்லுவோம். இதை விளங்கிக்கொள்ள முதலில் ஊரை நினைக்க வேண்டும். இலங்கையின் பெரிய வைத்தியசாலைகளில் ஒவ்வொரு மருத்துவ விடுதிக்கும் முறைவைத்து ஒரு 'கசுவல்ரி நாள்' வரும். அன்று வருகிறவர்களை அந்த விடுதி ஏற்றே ஆகவேண்டும். கட்டில் நிரம்பினால் நிலத்தில் பாய். வசதியில்லைத்தான், ஆனால் நோயாளி யாருடைய பொறுப்பு என்பதில் சந்தேகமில்லை.

பிரான்சில் அப்படியல்ல. அவசரப் பிரிவு வைத்தியர் "மறிக்கவேண்டும்" என்று தீர்மானித்தபின், விடுதி விடுதியாகத் தொலைபேசி எடுத்து இடம் கேட்கவேண்டும். இதற்கு வைத்தியர்களுக்குள்ளே ஒரு கொச்சை வழக்கு உண்டு: 'நோயாளியை விற்பது'. இளம் வயதினர், ஒரே நோய் என்றால் சீக்கிரம் 'விலைப்படும்'. சலரோகம், பிறசர், சிறுநீரகக் குறைபாடு, மறதி எல்லாம் ஒன்றாயுள்ள 80 வயது அம்மாவை இருதய விடுதி நரம்பு விடுதிக்கும், நரம்பு விடுதி உள்மருத்துவ விடுதிக்கும் கைகாட்டும்.

விடுதி வைத்தியர் ஈவிரக்கமற்றவர் என்று நினைக்கவேண்டாம். அவருடைய கட்டில்களிற் பல, கிழமைக்கணக்கில் முன்பதிவு செய்தவர்களுக்கானவை. தாதியர் போதாமல் சில கட்டில்கள் மூடிக்கிடக்கும். சுகமானவரை அனுப்புவதென்றால் வீட்டில் பார்க்க ஆளிருக்காது. அவர் "இடமில்லை" என்பது பெரும்பாலும் உண்மை. மற்றப் பக்கத்தில் அவசரப் பிரிவு வைத்தியருக்குக் கதவை மூட முடியாது. தீயணைப்புப் படையின் வண்டிகள் வந்தபடியே இருக்கும். 2019 மார்ச்சில் செந்த் அந்துவான் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தொடங்கிய வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவியது சும்மாவல்ல.

காத்திருப்பு வெறும் அலைச்சலும் அல்ல. 2022 டிசம்பரில் பிரான்சின் 97 அவசரப் பிரிவுகளில், 75 வயதும் அதற்கு மேலுமான 1598 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இரவு முழுவதும் அவசரப் பிரிவிலேயே கிடந்தவர்களில் 15.7 வீதத்தினர் மருத்துவமனையிலேயே இறந்தனர். நள்ளிரவுக்கு முன் விடுதிக்குப் போனவர்களில் அது 11.1 வீதம்.

இரண்டு வைத்தியர்களும் யோசிக்கும் விதமும் வேறு. முன்னவர் "இன்றிரவு உயிருக்கு ஆபத்து எது?" என்று பார்ப்பார். பின்னவர் "இது என்ன வருத்தம், ஏன் வந்தது?" என்று பார்ப்பார். (இந்த உள்மருத்துவ நிபுணரை 'ஆன்தேர்னிஸ்ட்' என்பார்கள். 'ஆன்தேர்ன்' என்றால் பயிற்சியிலிருக்கும் வைத்தியர். எம்மவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம்.) ஆகையால் ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்பார்கள்.

எம்மிடம் வரும் முதியவர் ஒருவர் வீட்டில் விழுந்துவிட்டார். இரத்தம் உறையாமலிருக்க அவர் குளிசை போடுவதைக் கடிதமாக எழுதி மகனிடம் கொடுத்தனுப்பினோம். வரவேற்பில் கார்த் வித்தாலைத்தான் கேட்டார்கள். கடிதம் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. "இருதயத்துக்குக் குளிசை போடுறவர்" என்று மட்டும் மகன் சொன்னார். காலையில் வைத்தியர்கள் மாறினார்கள், விடுதிக்குப் போன குறிப்பிலும் அவ்வளவுதான் இருந்தது. விடுதி வைத்தியர் திரும்பவும் கேட்டபோது, "எல்லாம் அங்க சொல்லியாச்சு" என்று மகன் சலித்துக்கொண்டார். அந்த வைத்தியர் விடவில்லை. குளிசையின் பெயரைக் கேட்டறிந்து உடனே தலையை ஸ்கான் செய்வித்தார். உள்ளே இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. ஆள் தப்பிவிட்டார். கடிதத்தோடு நின்றுவிடாமல் தொலைபேசியும் எடுத்திருக்க வேண்டும், அது எமது பிழை.

ஆகவே மருந்துச்சீட்டை வரவேற்பிலேயே நீட்டுங்கள், விடுதிக்குப் போனதும் திரும்பவும் நீட்டுங்கள். இடையில் காத்திருக்கும்போது "கி ஏ லு மெட்சன் ரெஸ்போன்சாப்ல்?" என்று கேளுங்கள்: பொறுப்பான வைத்தியர் யார் என்பது பொருள். விடுதி ஏற்றுக்கொண்ட பின்னும், நோயாளி கீழே கிடக்கும்வரை அவரைப் பார்ப்பது வழக்கமாக அவசரப் பிரிவுதான்.

பெயரைக் கூப்பிடும்போதும் கவனம் தேவை. 2018 டிசம்பரில், எமக்குக் கிட்டடியிலுள்ள லாரிபுவாசியேர் அவசரப் பிரிவில் காத்திருந்த 55 வயதுப் பெண் மறுநாட் காலை இறந்து கிடந்தார். கூப்பிட்டபோது பதில் வராததால், அவர் போய்விட்டார் என்று எண்ணியிருந்தார்கள். எமது நீண்ட பெயர்கள் இவர்களின் வாயில் என்ன பாடுபடும் என்பது உங்களுக்கே தெரியும். முதியவரைத் தனியே விட்டுவிட்டுக் கோப்பி குடிக்கப் போகாதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முதியவருக்கு இரண்டு மூன்று நாளாகச் சாப்பாடு குறைகிறது, தள்ளாட்டம் கூடுகிறது என்றால் குடும்ப வைத்தியரிடம் நேரத்துடன் சொல்லுங்கள். நாம் முதியோர் விடுதி வைத்தியருடன் நேரே பேசி, இடமிருந்தால் ஊர்ஜோன்ஸுக்குப் போகாமலே அனுமதி எடுக்கலாம். வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்குச் சொன்னால் எம்மாலும் அதிகம் செய்ய முடியாது.

நெஞ்சுநோ, திடீரென வாய் கோணல், கைகால் இழுப்பு, மூச்சுமுட்டல் என்றால் எம்மைத் தேடவே வேண்டாம். உடனே 15ஐ அழையுங்கள்.