‘டின்னவெல்லி’ என்று தேடினால் திருநெல்வேலி கிடைக்குமா?

பழைய பத்திரத்தில் வெள்ளைக்காரன் காலத்து ‘டின்னவெல்லி’. ஒரு சான்றிதழில் ‘எச்’ போட்ட திருநெல்வேலி, இன்னொன்றில் ‘எச்’ இல்லாத திருநெல்வேலி. ஆங்கிலத்தில் எழுதப்போனால் நம்ம ஊருக்கு இத்தனை முகம். 2020-இல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளை மாற்றி தமிழக அரசு ஆணை போட்டு, பிறகு திரும்பப் பெற்றது நினைவிருக்கலாம். ஆள் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். ‘முத்து’வுக்கு ஒரு ‘டி’யா, ரெண்டா, நடுவில் ‘எச்’சா?

கம்ப்யூட்டருக்கு ஓர் எழுத்து மாறினாலும் வேறு பெயர்தான். “அந்தப் பேர்ல ஒண்ணும் இல்லையே” என்று பதில் வரும். ஆவணம் உள்ளேயே இருக்கும்.

இதற்குத்தான் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ‘டிரைகிராம்’ முறை இருக்கிறது. பெயரை மூன்று மூன்று எழுத்தாக வெட்டுவார்கள். சொல்லின் முன்னால் இரண்டு, பின்னால் ஒரு வெற்றிடமும் சேரும். ‘எச்’ இல்லாத திருநெல்வேலியில் 12 துண்டுகள், ‘எச்’ உள்ளதில் 13. இரண்டிலும் இருப்பவை 10. வெவ்வேறு துண்டுகள் மொத்தம் 15. பத்தைப் பதினைந்தால் வகுத்தால் 0.67. வழக்கமான வரம்பு 0.3 என்பதால் இரண்டும் பொருந்திவிடும்.

சரி, வேகம்? லட்சக்கணக்கான பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டிப் பார்த்தால் தேடுபவர் டீ குடித்துவிட்டு வரலாம். சாதாரண இண்டெக்ஸ் அகராதி மாதிரி. முதல் எழுத்து சரியாக இருந்தால்தான் உதவும். ‘ஜின்’ இண்டெக்ஸ் புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி. எந்தத் துண்டு எந்தெந்த வரிசையில் இருக்கிறது என்று முன்பே குறித்து வைத்திருக்கும். துண்டுகள் ஒத்துப்போகும் வரிசைகளை மட்டும் சோதித்தால் போதும். பதிலுக்கு இடம் பிடிக்கும், புதுப் பதிவு ஏற்றுவதும் கொஞ்சம் மெதுவாகும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. நிபந்தனையில் ‘சிமிலாரிட்டி’ ஃபங்ஷனை எழுதி 0.3-ஐவிடப் பெரிதா என்று கேட்டால் இண்டெக்ஸ் சும்மா உட்கார்ந்திருக்கும். சதவீதக் குறியை ஆபரேட்டராகப் போட்டால்தான் அது வேலை செய்யும். ‘மிக நெருக்கமான பத்து பெயர்’ மட்டும் வேண்டுமென்றால் ‘ஜிஸ்ட்’ இண்டெக்ஸ்தான் சரி; தூரத்தை வைத்து வரிசைப்படுத்த ‘ஜின்’னுக்குத் தெரியாது.

ஆனால் டின்னவெல்லி? திருநெல்வேலியுடன் பொதுவான துண்டுகள் 20-க்கு 3 மட்டுமே. 0.15. வரம்பை அவ்வளவு இறக்கினால் சம்பந்தமில்லாத ஊர்களும் கூட்டமாக வந்து நிற்கும். இந்த மாதிரிப் பழைய பெயர்களைத் தனி அட்டவணையாக, ஊர் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதித்தான் சேர்க்கணும்.