சவ்வு ஓரத்துச் சமையல்

"பாக்டீரியாவுக்குள் உட்கருவும் இல்லை, அறைகளும் இல்லை. எல்லாம் கலந்து கிடக்கும் கூழ்தானே?" என்று கல்லூரி மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். பாடநூல் படம் அப்படித்தான் காட்டுகிறது. நீலப்பச்சைப் பாசி என்று நாம் சொல்லும் சயனோபாக்டீரியாவிடம் அந்தப் படம் செல்லாது.

இவற்றின் ஒளிச்சேர்க்கை நடப்பது, செல்லுக்குள் அடுக்கடுக்காகச் சுற்றிக்கிடக்கும் தைலகாய்டு சவ்வில். அங்கே பதிய வேண்டிய புரதங்கள் தண்ணீரோடு ஒட்டாதவை. செல்சாற்றில் அலையவிட்டால் திரண்டு கெட்டுவிடும். போதாததற்கு, டி1 என்ற புரதத்தை வெயில் ஓயாமல் சிதைக்கிறது. புதிது புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

விருந்தாளி வந்தால் என் அம்மா ஸ்டவ்வையே கூடத்துக்குத் தூக்கி வந்துவிடுவார். தோசை கல்லிலிருந்து நேரே இலைக்கு விழும். சயனோபாக்டீரியாவின் வழியும் அதுதான். புரதத்தை எங்கோ செய்து அனுப்புவதில்லை. அதன் செய்முறையான தூது ஆர்.என்.ஏ.வையே சவ்வின் ஓரத்தில் கொண்டு சேர்க்கிறது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் கான்ராட் முல்லினோ குழு, ஒளிரும் குறிகளை ஒட்டி இதைப் பார்த்து 2020-ல் வெளியிட்டது. புரதத்தைச் செய்யும் ரைபோசோமின் பிடி இல்லாதபோதும் அந்தத் தூதுகள் சவ்வை விட்டு விலகவில்லை. ஆனால் ஆர்.பி.பி.2, ஆர்.பி.பி.3 என்ற இரண்டு சிறு புரதங்களை நீக்கியதும் ஒட்டுறவு குலைந்தது. ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ள இவற்றில் இருக்கும் மடிப்பு, மனிதச் செல்லில் நூற்றுக்கணக்கான புரதங்களில் இருப்பது!

இன்னொரு வேடிக்கை. ஈ-கோலை பாக்டீரியாவில் ஆர்.என்.ஏ.வைப் பிடிப்பதில் பேர்போன புரதம் ஹெச்.எஃப்.க்யூ. அதன் உறவுக்காரப் புரதம் சினெக்கோசிஸ்டிஸ் என்ற சயனோபாக்டீரியாவிலும் உண்டு. ஈ-கோலையின் ஆர்.என்.ஏ.வைக் கொடுத்தால் அது சரியாகப் பிடிப்பதில்லை. செல் ஊர்ந்து நகர உதவும் நுண்ணிழைகளின் மோட்டாரைப் போய்ப் பற்றிக்கொள்கிறது. ஈ-கோலையைப் பார்த்து எழுதிய பாடத்தை எல்லா பாக்டீரியாவுக்கும் போர்த்துவது வெறும் சோம்பேறித்தனம்.

காற்றில் முதன்முதலில் ஆக்சிஜனை நிரப்பிய இனம் இது. நெல்வயலுக்குத் தழைச்சத்து தரும் அசோலாவின் இலைக்குள் குடியிருப்பதும் இதுவே. நாமோ குளத்தில் கண்டால் வழுக்கும் அழுக்கு என்று காலைத் தேய்த்துக் கழுவிவிட்டு நகர்கிறோம். கடல்வாழ் சயனோபாக்டீரியாவுக்கென்றே ஒரு தேசிய மையம் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்து ஊர்களின் உயிரியல் ஆசிரியர்கள், மாணவர்களை ஒருமுறை அழைத்துவரலாமா என்று அங்கே கேட்டுப் பாருங்கள்.